கதவைத் திறந்துவைத்து ஆக்கிய கறி

6 ஜூலை 1964, திங்கள்

விடாத மழை. தகரக் கூரையில் மூன்று இடத்தில் ஒழுக்கு. இரண்டு பாத்திரம்தான் அகப்பட்டது. மற்றதெல்லாம் எங்கே இருக்கிறதென்று பேச்சிக்குத்தான் தெரியும்.

பேச்சி, மகள் வள்ளியைக் கூட்டிக்கொண்டு செம்பூரில் தன் அக்கா வீட்டுக்குப் போய் இன்றோடு ஒன்பது நாள். சாயங்காலம் சகலை வந்தார். நனைந்த குடையை மடக்கக்கூட இல்லை, வாசலிலேயே நின்று சொன்னார்.

"அவ சண்டைக்கு நிக்கல. ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுதா. நீங்க ஒங்க கையால மாட்டுக்கறி ஆக்கணும். கதவத் தொறந்து வச்சு ஆக்கணும். மொதக் கிண்ணத்த மாடத்தி அக்காவுக்குக் கொண்டு குடுக்கணும். அன்னைக்கு வாரேங்கா."

"இல்லைன்னா?"

"அத அவ சொல்லல. நானும் கேக்கல."

போய்விட்டார். டீ கூடக் கொடுக்கவில்லை நான். மனுஷனா நான்.

எழுதிவிடுகிறேன், யாரும் பார்க்கப் போவதில்லை. ஆபீஸில் ஹெட் கிளார்க் ராமநாதன் சார் தன் கட்டடத்தில் எனக்கு ஒரு அறை பேசியிருக்கிறார். மாட்டுங்கா. வீட்டுக்குள் குழாய். வள்ளிக்குப் பள்ளிக்கூடம் நாலு நிமிஷ நடை. அங்கே குடியிருப்பவர்கள் எல்லோரும் சைவம், அது ஒன்றுதான் நிபந்தனை. "நாங்களும் அப்படித்தான் சார்" என்றேன். நாக்கு தடுமாறவே இல்லை.

பேச்சி போன அந்தச் சனிக்கிழமை நல்ல செய்தியை நேரில் சொல்லவென்று அவரே தாராவிக்கு வந்துவிட்டார். அடுப்பில் கறி கொதிக்கிறது. சட்டியைத் திரைக்குப் பின்னால் தள்ளினேன். வாசனையை எங்கே தள்ள? அவர் மூக்கைச் சுளிக்கக்கூட இல்லை. நானாகவே சொன்னேன்: "பக்கத்து வீடு சார். அந்த ஜனங்க அப்படித்தான்."

பக்கத்து வீடு மாடத்தி அக்கா. நடுவில் பலகைச் சுவர். வள்ளிக்கு டைபாய்டு வந்தபோது இருபது நாள் மடியில் போட்டுப் பார்த்த அக்கா.

அவர் போனதும் பேச்சி சட்டியை வெளியே எடுத்தாள், வள்ளிக்குச் சோறு போட்டாள், பையை எடுத்தாள். வள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே இறங்கினாள்.

7 ஜூலை, செவ்வாய்

மழை. ரயில் தாமதம். ஆபீஸில் ஒரு கடிதத்தை இரண்டு தடவை தட்டச்சு செய்தேன்.

சகலை ஆள் மூலம் நோட்டுத் தாள் ஒன்று அனுப்பியிருந்தார். பேச்சி சொல்லச் சொல்ல வள்ளி எழுதியது. அப்படியே ஒட்டிவைக்கலாம் என்று நினைத்தேன், பசை இல்லை. நகல்:

கரி ஒரு கிலோ. நெஞ்சுக் கரி பாதி, கால் கரி பாதி.
மிளகா வத்தல் 12. (அப்பாவுக்கு 8 போதும்.)
மல்லி ஒரு கை. மிளகு, சீரகம், சோம்பு.
தேங்கா ரெண்டு பத்தை, வருத்து அரைக்கனும்.
சின்ன உள்ளி நெரைய. இஞ்சி. பூண்டு.
உருளக்கிழங்கு 5. பெரிசா வெட்டனும். கரி வெந்த பெரகுதான் போடனும்.
மரத்தூள் அடுப்பு. அவசரம் கூடாது.

மூன்றாம் வகுப்பு. ர, ற இரண்டும் அவளுக்கு ஒன்றுதான். அந்த 8 அவள் சொந்தச் சரக்கு. பேச்சி சொல்லியிருக்கமாட்டாள். தாளை இரண்டு முறை படித்தேன், பிறகு கொஞ்சம் அழுதேன். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு ஹோட்டலில் இட்லி தின்றேன்.

8 ஜூலை, புதன்

மானக்கேடு.

அரைநாள் லீவு போட்டேன். இன்றே பழகிப் பார்ப்போம் என்று. கறிக்கடை பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பீவி கிதர்?" என்றார். பேச்சி ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். அவரிடமும் பொய்.

மரத்தூள் அடுப்பு பேச்சி தினமும் கட்டுவது. டின்னுக்கு நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் குத்திக் குத்தி இறுக்கி, பாட்டிலை மெல்ல உருவிவிட்டுக் கீழ்த் துளையில் தீ வைப்பாள். ஆறு மணி நேரம் கனன்றுகொண்டே இருக்கும், கிட்டப் போகவே வேண்டாம். பத்து வருஷம் பார்த்தவன்தானே என்ற திமிர். தூள் மழையில் ஈரம் குடித்திருந்ததைக் கவனிக்கவில்லை. கிழங்கையும் முதலிலேயே போட்டுத் தொலைத்தேன்.

அதெல்லாம் போகட்டும். கதவு! அடுப்பைப் பற்றவைத்ததும் கை தானாகப் போய்க் கதவைச் சாத்தியது. அது போதாதென்று வாசனைக்கு நாலு ஊதுபத்தி வேறு. பத்து நிமிஷத்தில் அறை முழுக்கப் புகை, கண் தெரியவில்லை, கொண்டி எங்கே என்று சுவரைத் தடவுகிறேன். வெளியே "ஆக் லகா, ஆக் லகா" என்று சந்து முழுக்கக் கூச்சல், தீப்பிடித்துவிட்டதாம். கதவை உதைத்துத் திறந்தது மாடத்தி அக்கா. கையில் தண்ணீர்க் குடம்.

சட்டியைப் பார்த்தாள். ஊதுபத்தியைப் பார்த்தாள்.

"கறிக்குப் பூசையா போடுத?"

சந்தே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, குடத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள். பத்து நாளில் என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

கறி செருப்புத் தோல். கிழங்கு கரைந்து கூழ்.

9 ஜூலை, வியாழன்

தூறல். இருமல். ஹெட் கிளார்க் தன் மேசையிலிருந்து இருமல் வில்லை எடுத்துக் கொடுத்தார். "ஒடம்பப் பாத்துக்கோங்கோ முத்து." ஆபீஸ் பதிவேட்டில் நான் எஸ். முத்து. சுடலைமுத்து என்று முழுப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது.

அவர் நல்ல மனிதர். கெட்டவராக இருந்தால் எவ்வளவு சௌகரியம்.

பிறகு சொன்னார்: "ஞாயித்துக்கெழமை நாலு மணிக்கு நானே சாவியோட வரேன். ஆத்துல அவாளையும் கொழந்தையையும் கூட்டிண்டு போய் ரூமைப் பாத்துடுவோம்."

ஞாயிறுதான் கறி ஆக்கப் போவதாகச் சகலைக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். வேறு நாள் வாருங்கள் சார் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. "ஆகட்டும் சார்" என்றேன். தைரியமா, கோழைத்தனமா, எனக்கே தெரியவில்லை.

10 ஜூலை, வெள்ளி

மரக்கடையில் உலர்ந்த தூள் ஒரு சாக்கு. தலைமேல் வைத்துத் தார்ப்பாய் போர்த்திக் கொண்டுவந்தேன்.

மாடத்தி அக்கா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நின்றேன்.

"அக்கா, அன்னைக்கு நான் சொன்னது தப்பு."

புடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அந்த ஜனங்கன்னு சொன்னேல்லா தம்பி. நீ எங்க நின்னுக்கிட்டு சொன்ன? அதத்தான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன். மாட்டுங்காவுலயா, இங்கயா?"

தலையிலிருந்த சாக்கை இறக்கி வைத்தேன். அதைப் பார்த்து, "தூள குத்தும்போது நல்லா அமுக்கு. பொடிப் பொடியா சரிஞ்சா அணைஞ்சு போகும்" என்றாள். மன்னித்தாளா என்று கேட்க வெட்கமாக இருந்தது. கேட்கவில்லை.

11 ஜூலை, சனி

மிளகாய், மல்லி, தேங்காய், இஞ்சி, பூண்டு, உள்ளி, கிழங்கு. எல்லாம் வந்தது. சோம்பு மறந்து திரும்ப ஓடினேன்.

நாளை மத்தியானம் வருகிறார்களாம்.

ஹெட் கிளார்க்கிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்தேன். "இது எங்க வீட்டுக் கறிதான் சார். அன்னைக்குச் சொன்னது பொய்." கண்ணாடி முன்னால் மூன்று தடவை. மூன்றாம் தடவை சுமாராக வந்தது.

12 ஜூலை, ஞாயிறு

மழை விட்டு வெளிச்சம். ஏழு மணிக்கே கதவை அகலத் திறந்து, ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தேன். என் கைமேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

அம்மியில் அரைத்தேன். போகிற வருகிற பெண்கள் நின்று பார்த்தார்கள். "அண்ணாச்சி, அம்மி தேஞ்சிரப் போவுது." சிரித்துவிட்டுப் போகட்டும். மிளகாய் பன்னிரண்டும் போட்டேன்.

தூள் நன்றாகப் பிடித்தது. கறியை மஞ்சள் போட்டு ஏற்றி, மசாலாவைக் கொட்டி, மூடியில் கல் வைத்தேன். ஒன்பது, பத்து, பதினொன்று. வாசனை சந்தின் முனை வரை போனது. உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர எனக்கு வேலை இல்லை. எலும்பிலிருந்து கறி கழன்றதும் கிழங்கு.

ஒரு மணிக்கு முதல் கிண்ணம். இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டுபோய் மாடத்தி அக்காவிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். "உப்பு ஒரு கல்லு கம்மி" என்றாள். அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

திரும்பினால் பேச்சி. வள்ளி ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பேச்சி பையைக் கீழே வைக்காமல் செங்கல்லைப் பார்த்தாள், சட்டியைத் திறந்து பார்த்தாள்.

"கிழங்கு ஒடையாம இருக்கே. யாரு சொல்லித் தந்தா?"

"நீதான்."

பையை வைத்தாள். மூலையில் இல்லை, வாசல் பக்கத்தில். இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம்.

ஹெட் கிளார்க் நாலு மணிக்கு வருவதைச் சொன்னேன். என்ன சொல்லப் போகிறேன் என்பதையும் சொன்னேன். "சொல்லுங்க, கேப்போம்" என்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காலையில் வைத்த தூள் எரிந்து தீர்ந்திருந்தது; அடுப்பை மறுபடி கட்டிச் சோறு வடித்தாள். வடித்து இறக்கி உட்காரும்போது மூன்றரை. வள்ளி இரண்டாம் முறை வாங்கித் தின்றாள், மூக்கில் நீர் வழிய. எனக்கு உயிர் வந்தது.

நாலடிக்கப் பத்து நிமிஷம். வாசலில் நிழல். அவர்தான். வெள்ளை வேட்டி, கையில் சாவி. சோறு, சட்டி, தட்டு, எல்லாம் அவர் கண் முன்னால். எழுந்து நின்றேன். வாக்கியம் தொண்டையில் தயாராக இருந்தது. சத்தியமாக இருந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. குழந்தையைப் பார்த்துச் சிரித்தார்.

"கொழந்தே, என்ன சாப்பிடறே?"

வள்ளி என்னை ஒரு தடவை பார்த்தாள். ஒரே தடவை. விரலால் கறித் துண்டுகளைச் சோற்றுக்கு அடியில் தள்ளினாள். கிழங்கை மேலே எடுத்து வைத்தாள்.

"உருளக்கிழங்கு, மாமா."

நிறுத்தவில்லை. பலகைச் சுவரைக் கை காட்டினாள். "வாசனை பக்கத்து வீடு."

பேச்சி கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அதுவும் நின்றது.

சொன்னேன். சொல்லிவிட்டேன். "இது எங்க வீட்டுக் கறிதான் சார். அன்னைக்குச் சொன்னது பொய். அவ சொல்றதும் என் பொய்தான்." குரல் எப்படி வந்தது என்று தெரியாது. அவர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். கோபம் இல்லை. "நாளைக்கு ஆபீஸ்ல பேசிக்கலாம் முத்து" என்றார். செருப்பு மாட்ட அவருக்கு வெகு நேரம் ஆனது.

பேச்சி பையைத் தொடவில்லை. பிரிக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்.

வள்ளி எச்சில் கையோடு என் பக்கத்தில் வந்து நின்றாள். ஏன் எல்லோரும் பேசாமல் இருக்கிறோம் என்று அவளுக்குப் புரியவில்லை. காதோடு கேட்டாள்.

"நான் சரியாத்தானப்பா சொன்னேன்?"