அத்தானின் கணக்கு நம்பர்

புரட்டாசி, செவ்வாய்க்கிழமை

என் கணக்கை முடக்கிவிட்டதாக இன்று அருப்புக்கோட்டை பேங்கில் சொன்னார்கள். அம்மாவின் கர்ப்பப்பை ஆபரேஷனுக்குச் சேர்த்த பணம் முழுவதும் அதில்தான் கிடக்கிறது.

தம்பி முருகேசன் கிரிப்டோ காயின் வாங்கி விற்பவன். அவனுடைய வெளிநாட்டு ஆப்பை அரசு தடை செய்த பிறகும் தடையைத் தாண்ட வி.பி.என். போட்டு அதையே திறந்தான். முகம் தெரியாத ஒருவனுக்குக் காயினை விற்றான். அவன் என் கணக்கு நம்பரைக் கொடுத்திருந்ததால் பணம் அதற்கு வந்தது. அது வடநாட்டில் யாரோ ஒரு பெரியவரை ஏமாற்றிப் பறித்த பணமாம்.

“முடக்கத்த எப்ப சார் எடுத்துவிடுவீங்க?” என்று மேனேஜரைக் கேட்டேன்.

“எங்க கையில இல்லம்மா. முடக்கச் சொன்ன வடநாட்டுப் போலீஸ்தான் எடுக்கச் சொல்லணும்.”

பாளையம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னேன். தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தவன், “அக்கா, இன்னும் கொஞ்சம் காயின் கெடக்கு. அத வித்து ஆபரேஷன முடிச்சிருவோம். அத்தான் கணக்கு நம்பரக் குடு,” என்றான்.

அறைந்துவிட்டேன். அவன் நகரவில்லை. உள்ளே அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்ட பிறகு அவனைக் கூப்பிட்டு நம்பரைச் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் பக்கத்தில் தூங்குகிறார். அவரிடம் நான் கேட்கவில்லை.