சட்டென்று திறந்த பக்கம்

ஐப்பசி 9, வெள்ளி

பரளச்சியிலிருந்து மாரியம்மாள் அக்கா இன்று சங்கத்து அலுவலகத்துக்கு வந்தார். விதைப் பட்டியலில் அவர் பெயரைக் காணவில்லை.

"போன வாரம் இருந்துச்சே தம்பி. இப்பத்தான் மழை பேஞ்சு ஈரம் நிக்கிது. ரெண்டு நாள் போனா வெதச்சு என்ன செய்ய?"

விவசாயிகள் சங்கத்தின் இணையதளத்தை எழுதியவன் நான். பிழைச் செய்தி எதுவும் இல்லை. பக்கம் சட்டென்று திறந்தது. அந்த வேகத்துக்காகத்தான் போன சனிக்கிழமை செயலாளர் என்னைப் பாராட்டினார். அதற்குமுன் ஒவ்வொரு விவசாயிக்கும் கிணற்று விவரத்தைத் தனித்தனியாகத் தேடி டேட்டாபேஸ் திணறிக்கொண்டிருந்தது. இரண்டு அட்டவணைகளையும் ஒரே தேடல் குவெரியில் இணைத்துவிட்டேன். அந்த இணைப்பு, கிணறு இல்லாத மானாவாரிக்காரர் அத்தனை பேரையும் ஓசையில்லாமல் கழித்துவிட்டிருக்கிறது. வேகம் வந்தது இப்படித்தான்.

ஒரு சொல்லை மாற்றியதும் எல்லோரும் திரும்பி வந்தார்கள். அக்காவும் விதையோடு பஸ் ஏறிவிட்டார்.

எனக்குத்தான் மனம் ஆறவில்லை. குவெரியை இணைத்த அன்றைக்கு நான் சோதிக்காமல் விடவில்லை. அப்பா, பெரியப்பா, சித்தப்பா பெயர்களைப் போட்டுப் பார்த்தேன். மூன்றும் வந்தன.

மூவர் புஞ்சையிலும் கிணறு உண்டு.