கண் எழுதாமல் போன தம்பிக்கு

சொன்ன பேச்சை ஒருநாளும் கேட்காத என் தங்கத் தம்பி சேகருக்கு,

நன்றாக இருக்கிறாயா என்று கேட்கமாட்டேன். என்னை நட்டாற்றில் விட்டுப் போனவன் நீ. நம் தோட்டத்து மாரியம்மன் கோயில் சுவரில் அம்மனை வரைந்தாய். சேலை மடிப்பு, வளையல், மூக்குத்தி எல்லாம் முடித்துவிட்டு, கண்ணை மட்டும் விட்டுவைத்தாய். "கண்ணு கடைசியிலதான் எழுதணும்க்கா, அவசரப்படாதே லா" என்றாய். மறுவாரமே லுக்குட் டவுன் பட்டறையில், லோரிக் கதவில் பெயர் எழுதிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய். நீ போய் எட்டு மாதம் ஆகிறது.

வெள்ளிக்கிழமைதோறும் அந்தச் சுவருக்கு முன்னால் உட்காருகிறேன். மற்றவர்கள் கற்பூரத்தைத் தொட்டு ஒற்றிக்கொண்டு, மோட்டார் சைக்கிளை முடுக்கிக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு எழுந்திருக்க மனம் வருவதில்லை. வாயில் வேண்டுதலும் வருவதில்லை, வசவுதான் வருகிறது. என் தம்பி விழுந்தபோது எங்கேடி போயிருந்தாய் என்று கேட்பேன். பிறகு அந்த வெற்று முகத்தைப் பார்ப்பேன். பாவம், இவளுக்குத்தான் கண்ணே இல்லையே, எப்படித் தெரியும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். இதற்குப் பெயர் சாமி கும்பிடுவதா, நீயே சொல்?

இப்போது திருவிழா வருகிறது. கோயில் தலைவர் அம்பாங்கானிலிருந்து வேறு ஓவியரைப் பேசிவிட்டார். கூடவே கூடாது என்று சண்டைக்குப் போனேன்.

"தம்பி கைபட்டத இன்னொருத்தன் தொடக்கூடாதுங்கிற. சரிம்மா, அதுக்காக ஆத்தா எத்தன நாளைக்குக் கண்ணில்லாம நிப்பா?" என்றார்.

உன் வேலைக்காகத்தான் மல்லுக்கு நிற்கிறேன் என்று ஊர் நினைக்கிறது. உனக்கு மட்டும் சொல்கிறேன். கண் வந்துவிட்டால் என் சமாதானம் போய்விடும். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தவள்தான் உன்னைக் கைவிட்டாள் என்றாகிவிடும். அதை நான் எப்படிடா தாங்குவேன்?

கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். நேற்று சரி என்று சொல்லிவிட்டேன். கண் திறக்கும்போது எதிரே ஆள் நிற்கக்கூடாதாம். அவளுடைய முதல் பார்வையை மனிதர் தாங்கமாட்டார்களாம். அதனால் அவள் முகத்துக்கு நேரே முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடிப்பார்கள். அந்தக் கண்ணாடியை நான்தான் பிடிப்பேன் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன்.

உன்மேல் சத்தியமாகச் சொல்கிறேன். ஓவியர் தூரிகையை எடுத்ததும் கண்ணாடியைக் கீழே இறக்கிவிடுவேன். அவள் முதலில் என் முகத்தைப் பார்க்கட்டும்.

உன்னைத் திட்டித் திட்டியே வளர்த்த
உன் அக்கா விஜயா