கழுத்துச் சுரப்பியும் ஹட் பே கப்பலும்

செப். 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. மரம் ஏற்றும் வேலை நின்றுவிட்டது. கா. 10 மணிக்கு மறுபடி அந்தப் படபடப்பு வந்தது. கொட்டகையில் சும்மா உட்கார்ந்திருந்தேன், யாரோடும் சண்டையில்லை. திடீரென்று நெஞ்சு லாரி இன்ஜின் மாதிரி அடித்தது. கை நடுக்கம், வேர்வை, மூச்சு முட்டல். செத்தேன் என்றே நினைத்தேன். கால் மணி நேரம். பிறகு ஒன்றுமில்லை.

ஆட்களிடம் மலேரியா என்றேன். இந்தத் தீவில் நடுங்கினால் மலேரியாதான், வேறு வியாதிக்கு அனுமதி கிடையாது. மலேரியாவுக்குக் கசப்பு மாத்திரை, இரண்டு மாதமாக விழுங்குகிறேன். அதில் காதுக்குள் வண்டு இரைகிறது. வேறொருவன் என்றால் தாங்குவானா? மேஸ்திரி நான், தாங்குகிறேன்.

"மாமா, முதலை வாயைப் பிளந்து போட்டேன்னீங்க, கொசுவுக்கு இந்த நடுக்கமா?" மரம் அடுக்கும் மாரியப்பன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

முதலை சின்னதுதான். செத்துக் கிடந்தது. இங்கே மட்டும் எழுதுகிறேன்.

செப். 6, வியாழன்

வெயில். டிஸ்பென்சரி. கம்பவுண்டர் அந்தோணி, தூத்துக்குடிக்காரர், தலையில் அடித்துக்கொண்டார். "ரத்தத்துல மலேரியா இல்லன்னு போன மாசமே சொன்னேம்லா அண்ணாச்சி? பெறவும் எதுக்கு முழுங்குறீய?"

"ஒளிஞ்சிருக்கும்" என்றேன்.

புது டாக்டர் மலையாளி, சின்ன வயது. கையை நீட்டச் சொல்லி விரல்கள் மேல் ஒரு காகிதத்தை வைத்தார். காகிதம் படபடத்தது. கழுத்தைத் தடவியபடி தண்ணீர் விழுங்கச் சொன்னார். பசி எப்படி? நாலு ஆள் சோறு தின்பேன் என்றேன். (இது நிஜம்.) உடம்பு? பெல்ட்டில் புதிதாக மூன்று ஓட்டை.

அவர் சொன்னது, மறக்காமல் இருக்க:

– கழுத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு சுரப்பி, தைராய்டு. அதன் சாறு, ஹார்மோன், ரத்தத்தில் கலக்கும்.
– எனக்கு அளவுக்கு மேல் சுரக்கிறதாம். அதனால் நெஞ்சு ஓட்டம், கை நடுக்கம், காரணமில்லாத பயம்.
– பயந்தால் சிறுநீரகத்துக்கு மேலிருக்கும் சுரப்பி அட்ரினலின் என்று இன்னொன்றை ஊற்றும். எரிகிற அடுப்பில் மண்ணெண்ணெய்.
– இந்தப் படபடப்பில் உயிர் போகாது. ஆனால் வைத்தியத்தைத் தள்ளிப்போட்டால் இதயம் கெடும்.
– மருந்து இங்கே இல்லை. போர்ட் பிளேர் போக வேண்டும். புதன் கப்பல்.

"அப்ப நான் பயந்தாங்கொள்ளி இல்லையா டாக்டர்?"

"இல்ல சேட்டா. சுரப்பி செய்யற வேலை."

கண் கலங்கியது. கூரையில் பல்லியைத் தேடுவது போல மேலே பார்த்தேன்.

செப். 9, ஞாயிறு

துணி துவைத்தேன். கஞ்சி, கருவாடு. பேச ஆளில்லை.

கப்பல்தான் சிக்கல். இரண்டு வருஷம் முன் லீவில் ஊருக்குப் போக ஏறினேன். சங்கு ஊதியதும் இதே நெஞ்சடிப்பு. பெட்டியோடு இறங்கிவிட்டேன். எங்கள் ஆபீசர் போகாதே என்று கெஞ்சினார், நான் இல்லாமல் ஒரு மரமும் அசையாது என்றார் என்று ஊரெல்லாம் சொன்னேன். பஞ்சவர்ணத்துக்கும் அதையே எழுதினேன். பெண்டாட்டிக்காவது நிஜத்தை எழுதியிருக்கலாம். மகள் கல்யாணம் நானில்லாமல் நடந்தது. பஞ்சவர்ணத்தின் பதில் ஒரே வரி: "உங்களுக்கு அங்கதான் மதிப்பு, அங்கயே இருங்க."

மதிப்பு: ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாய்.

போர்ட் பிளேரில் எனக்கு மெடல் தருகிறார்கள் என்று ஆட்களிடம் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? வாய். இனி யாரைத் துணைக்குக் கூப்பிட? மெடல் வாங்கத் துணை எதற்கு என்பான் மாரியப்பன்.

செப். 12, புதன்

மேகம். ஹட் பே ஜெட்டியில் ஆட்கள் செம்பருத்தி மாலை போட்டார்கள். "மாமா, மெடல் தங்கமா பித்தளையா?" "கடிச்சுப் பாத்துச் சொல்றேன்டா." லாரியில் ஏறிப் போய்விட்டார்கள். உடனே படபடப்பு ஆரம்பித்தது.

ஏணியில் கால் மரத்துப்போனது. பின்னால் ஒருவன், "அரே சாச்சா, ஆகே படோ!" என்று முன்னே நகரச் சொன்னான். இறங்கவும் வழி இருந்தது. கழுத்தைத் தொட்டு, இது சாறு, நானில்லை என்று சொல்லிக்கொண்டேன். நெஞ்சு கேட்கவில்லை. கால் மட்டும் கேட்டது.

டெக்கில் கோழிக்கூடையோடு ஒரு பெங்காலிப் பெரியவர். சங்கு ஊதியது. இறங்கிப்போக எழுந்துவிட்டேன். எனக்கு வேலை வாங்கும் ஹிந்திதான் தெரியும். அதை வைத்துக்கொண்டு, "டர் லக்தா ஹை" என்றேன். பயமாயிருக்கிறது என்று இதுவரை எந்தப் பாஷையிலும் நான் சொன்னதில்லை. அவர் ஏன் என்று கேட்கவில்லை. கூடையை நகர்த்தி, "பைட்டோ" என்று உட்காரச் சொன்னார். இடது கையைப் பிடித்துக்கொண்டார்.

கயிறு அவிழ்த்தாயிற்று. ஜெட்டி விலகுகிறது. நெஞ்சு இன்னும் அடிக்கிறது. அவர் விடவில்லை, நானும் இழுக்கவில்லை. வலது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது அலை.