தாய்மொழி என்ற கட்டம்

டீச்சர்,

பழைய சேர்க்கைப் படிவங்களைத் தேடி என் அறை பீரோவைக் குடைந்தபோது உங்கள் நோட்டு அகப்பட்டது. பழுப்பு அட்டை, உள்ளே பென்சில் எழுத்து. ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரிலும் அது வீட்டில் பேசும் மொழி: ஒடியா, இந்தி, தெலுங்கு, மறுபடி ஒடியா. தலைமையாசிரியர் என்ற அதிகாரத்தில் நான் வேண்டாம் என்று சொன்ன வேலையை எனக்குத் தெரியாமல் செய்து வைத்திருக்கிறீர்கள். பார்த்ததும் கோபம்தான் வந்தது. உங்கள் மேல் இல்லை.

அந்தச் சாயங்காலம் உங்களுக்கு மறந்திருக்காது. உள்ளூர்ப் பிள்ளைகளை எல்லாம் தனியார் பள்ளிகளின் மஞ்சள் வேன்கள் உசிலம்பட்டிக்கு அள்ளிக்கொண்டு போன பிறகு நம் நடுநிலைப்பள்ளியில் மிஞ்சியது செங்கல் சூளைப் பிள்ளைகளும் கோழிப்பண்ணைப் பிள்ளைகளும்தான். அவர்கள் விவரங்களை நீங்கள் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். தாய்மொழி என்ற கட்டம் வந்ததும் கை நின்றுவிட்டது.

"சார், பிள்ளைகளக் கேட்டுட்டுப் போடுவோம். ஒரு நாள் குடுங்க."

"எதுக்கு டீச்சர் வம்பு? வேற மொழி போட்டா ஏன் எதுக்குன்னு கேப்பாக. அம்புட்டுப் பேருக்கும் தமிழ்னு போட்டு முடிச்சு விடுங்க."

"எங்க வீட்டுலயும் தமிழ் கெடையாது சார், சௌராஷ்டிரம்தான். ஒண்ணாப்புல தண்ணி வேணும்னு கேக்கத் தெரியாம ஒரு நாள் முழுக்க உக்காந்திருந்தேன்."

"இப்ப நீங்கதான எங்க பிள்ளைகளுக்கே தமிழ் நடத்துறீக!" என்று சிரித்தேன். உங்களைப் புகழ்ந்துவிட்டதாக எனக்கு நினைப்பு. நீங்கள் வரிசையாகத் தமிழ் தமிழ் என்று தட்டி முடித்தீர்கள்.

போன ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்த நீங்கள் எழுந்திருக்கவே இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பிள்ளைகளுக்குப் படம் காட்டி வார்த்தை சொல்லிக்கொடுப்பீர்களே, அதுவும் உங்களோடு நின்றது. நான் செய்திருக்கலாம். எனக்கு எழுத்து வேலை இருந்தது, அல்லது இருப்பதாகச் சொல்லிக்கொண்டேன்.

நேற்று ஆய்வுக்கூட்டம். வாசிப்புத் தேர்வில் ஒன்றியத்திலேயே நாம்தான் கடைசி. அதிகாரி தாளைப் புரட்டினார்.

"எல்லாருக்கும் தாய்மொழி தமிழ்னு இருக்கு. சொந்த மொழியே வாசிக்க வரலைன்னா என்ன சார் நடத்துறீங்க? பேசாம பக்கத்துப் பள்ளியோட சேத்துருவோமா?"

பக்கத்துப் பள்ளி நான்குவழிச் சாலைக்கு அந்தப் பக்கம். சூளைப் பிள்ளைகள் அவ்வளவு தூரம் போகமாட்டார்கள். சூளையிலேயே கல் அடுக்க நின்றுவிடுவார்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் அவர் கையில் இருந்தது நான் கொடுத்த தாள். தன் கையால் தன் கண்ணையே குத்திக்கொண்டவன் யாரிடம் போய் அழுவது? கடைசியில் மொழியைத் தப்பாக எழுதிவிட்டோம் என்று கெஞ்சினேன். திங்கட்கிழமைக்குள் ஒவ்வொரு பிள்ளையையும் கேட்டுத் திருத்திக் கொண்டுவரச் சொல்லி அனுப்பினார். அதற்காகப் படிவங்களைத் தேடப்போய்த்தான் உங்கள் நோட்டு அகப்பட்டது.

இன்று காலை ஆறாம் வகுப்புக்குப் போனேன். உங்கள் பின்னாலேயே சுற்றுவாளே, சூளையிலிருந்து வரும் அந்த ஒடியாப் பெண், அவளைத்தான் முதலில் எழுப்பினேன்.

"வீட்டுல என்ன பாஷை பேசுவ, தாயி?"

"தமிழ் சார்."

"பயப்படாம சொல்லு. அம்மா உன்கிட்ட என்ன பேசும்?"

கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"நான் தமிழ்தான் சார் பேசுவேன். அம்மாதான் தப்பாப் பேசும்."

தப்பு அம்மாவுடையது இல்லை, என்னுடையது என்று தமிழில் சொன்னேன். தலையை ஆட்டினாள், நம்பவில்லை. சாயங்காலம் அதையே சொல்லச் சூளைக்குப் போய் அவள் அம்மா முன்னால் நின்றேன், டீச்சர். அந்த அம்மா மொழியில் எனக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியவில்லை.