பாதிப் பேருக்கு மாவு மாத்திரை

அடையாறு
4.9.2024

என் அன்பு ஜொவிட்டா,

சுகமா? ஷெல்டன் அண்ணாவின் கைநடுக்கம் குறைந்து, கோயிலில் மறுபடி கீபோர்டு வாசிக்கிறார் என்று கேட்டதும் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மருந்தாய்வில் அவரைச் சேர்த்தது வீண் போகவில்லை. மாத்திரையை விடாமல் போடச் சொல்.

ஒரு வேலை தருகிறேன், திட்டாதே. ஆய்வில் புதிதாகச் சேர்கிறவர்கள் கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவம் யாருக்குமே புரியவில்லை என்று ஆஸ்பத்திரி நெறிமுறைக் குழு திருப்பி அனுப்பிவிட்டது. ஆட்டோக்காரருக்கும் புரிய வேண்டும், பேராசிரியருக்கும் புரிய வேண்டும். தமிழ் டீச்சரை விட்டால் எனக்கு யார்?

உன் மதுமதி

சாந்தோம்
9.9.2024

டாக்டரம்மாவுக்கு,

பத்து வரிக்கு ஒரு முற்றுப்புள்ளி! இதை எழுதினவருக்காவது மூச்சு வாங்காதா? மீன் கொண்டுவரும் ஃப்ளோரன்ஸிடம் கொஞ்சம் படித்துக் காட்டினேன். "இன்னா டீச்சர் இது, லத்தீன் பூசையா?" என்று சிரிக்கிறாள்.

மற்றதையெல்லாம் உடைத்து எழுதிவிட்டேன். ஐந்தாம் பத்திதான் பிடிபடவில்லை. 'சமவாய்ப்பு முறையில் மருந்துப்போலிப் பிரிவுக்கு ஒதுக்கப்படலாம்' என்றால் என்னடி? ஃப்ளோரன்ஸுக்குச் சொல்கிற மாதிரி சொல்.

ஜொவிட்டா

அடையாறு
11.9.2024

ஜொவி,

அது ஒன்றுமில்லை. காசு சுண்டிப் போடுகிற மாதிரி கம்ப்யூட்டர் ஆட்களைப் பிரிக்கும். பாதிப் பேருக்குப் புது மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில், மருந்தே இல்லாத மாவு மாத்திரை. யாருக்கு எது என்று ஆய்வு முடியும்வரை அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்படியே எழுதிவிடு. அவசரம்.

மது

சாந்தோம்
14.9.2024

மதுமதி,

அப்படியே எழுதினேன். வாசலில் ஃப்ளோரன்ஸுக்கு வாசித்துக் காட்டும்போது, உள்ளே கீபோர்டு சத்தம் நின்றது. என் வீட்டுக்காரர் எழுந்து வந்து, "அப்போ நான் சாப்புடறது?" என்று கேட்டார். ஃப்ளோரன்ஸ்தான், "மாவாகூட இருக்கும் சார்" என்றாள். அவளுக்கு ஒரே தடவையில் புரிந்துவிட்டது.

கதிகலங்கிப் போனேன். இவருடைய படிவத்தை எடுத்துப் பார்த்தேன், அதிலும் இதே ஐந்தாம் பத்தி. அன்று நீதானே, "புது மருந்துண்ணா, தைரியமா கையெழுத்துப் போடுங்க" என்றாய்? மாவாகவும் இருக்கலாம் என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் போன வாரம்கூட மாத்திரையை விடாமல் போடச் சொல்லி எழுதியிருக்கிறாய். நீயா இப்படி? என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

ஃப்ளோரன்ஸுக்கு வாசித்த அன்று சாயங்காலம் காபி டம்ளர் இவர் கையில் நிற்கவில்லை. நடுக்கம் குறைந்ததே நம்பிக்கையால்தானோ என்னவோ. ஞாயிறு பூசைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

நான் எழுதிய புதுப் படிவத்தை இணைத்திருக்கிறேன். கடைசி வரி மட்டும் நான் எழுதியதில்லை. 'டாக்டர் நமக்குத் தெரிந்தவர் என்பதற்காகக் கையெழுத்துப் போடாதீர்கள்.' இவர் எழுதியது. எழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஆனால் புரியும்.

ஜொவிட்டா