பால் வாங்கப் போன சனிக்கிழமை

செப். 16, திங்கள்

காலையில் தூறல். மதியம் வெயில். கோடு போட்ட நோட்டு ஒன்று, நீல மைப் பேனா ஒன்று. முதியோர் மாலை வகுப்பில் எழுதுவது டீச்சருக்கு. இது எனக்கு. யாரும் சிவப்பில் திருத்த மாட்டார்கள்.

வாலிபத்திலிருந்து சுவருக்கு வெள்ளை அடித்தவன் நான். நான் அடித்து முடித்ததும் எழுத்து எழுத வேறு ஆள் வருவார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. இப்போது தெருவில் நடந்தால் சுவரெல்லாம் பேசுகிறது. பம்மல் போய்த் திரும்ப இரண்டு மடங்கு நேரம்.

இன்றைய விசேஷம்: பேத்தி ஷாலினிக்கு (எட்டாம் வகுப்பு) வனப் பயிற்சி முகாமில் இடம். மூன்று நாள் காட்டில். கூடாரம் அடிப்பது, திசை பார்ப்பது, முடிச்சுப் போடுவது, பறவை, பாம்பு அடையாளம். அதற்குப் பிறகும் மாதத்தின் முதல் ஞாயிறு எங்காவது கூட்டிப்போய்ச் சொல்லித்தருவார்கள். வேன் 28 சனிக்கிழமை விடிந்ததும் தாம்பரம் ஸ்டேஷன் கிழக்கு வாசலிலிருந்து. செலவில் பாதி முகாமின் உதவித்தொகை. மீதிப் பாதியை ஊர் தர வேண்டும். வீட்டார் தரக்கூடாது. பிள்ளை காட்டுக்குப் போவது ஊருக்குத் தெரிய வேண்டுமாம். முகாம் நடத்தும் ஜெனிபர் மிஸ் வைத்த சட்டம். நல்ல சட்டம் என்றுதான் இன்று நினைக்கிறேன்.

முழுப் பெயர் எழுதக் கை வலிக்கிறது. இனி ஷா.

போன டிசம்பர் வெள்ளத்தில் மொட்டை மாடியில் நின்றோம். படகுக்காரர் கயிறு வீசினார். எங்கே கட்டுவது, எப்படிக் கட்டுவது, ஒருவருக்கும் தெரியவில்லை. பத்துப் பேர் கையில் பிடித்துக்கொண்டு நின்றோம். அன்றிலிருந்து ஷா.வுக்குக் கயிற்றின் மேல் பைத்தியம்.

கொண்டுபோக வேண்டியவை, நானே படித்தது: டார்ச், மழைக்கோட்டு, ஷூ, தட்டு, டம்ளர், போர்வை. போன் கூடாது.

மாலை ஷா. கொடிக் கயிற்றை அவிழ்த்து முடிச்சுப் பழகினாள். துவைத்த துணியெல்லாம் சேற்றில். மகள் அமுதா: "காட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே வூட்ட காடாக்கிட்டா பாரு."

செப். 19, வியாழன்

புழுக்கம். நலச்சங்க ஆபீசுக்குப் போனேன். தலைவர் ஏகாம்பரம்தான் எங்கள் வீட்டு ஓனரும். முன்பு அவர்கள் நெல் விளைத்த இடத்தில் இப்போது வரிசை வீடுகள். மூன்றாவது வீடு நாங்கள்.

"இன்னா பெருசு, குழாயில தண்ணி வரலியா?"

"அது இல்லீங்க." விஷயத்தைச் சொன்னேன்.

"காட்டுல போய் டென்ட்டு கட்றதுக்கு ஸ்காலர்ஷிப்பா? கம்ப்யூட்டர் கோர்ஸ்னா சொல்லு, இப்பவே குடுக்கறேன்."

வெள்ளத்தைப் பற்றிச் சொன்னேன். அந்தக் கயிற்றை அவரும்தான் பிடித்துக்கொண்டு நின்றார். அதை ஞாபகப்படுத்தியது அவருக்குப் பிடிக்கவில்லை. டீ வந்தது. எனக்கும் ஒன்று.

"பம்மல் சங்கம் இத செஞ்சிருக்கா?"

"இல்லீங்க. நாமதான் மொதல்ல."

"அப்ப செய்வோம். விழா எடுத்து, மேடையில வச்சுத்தான் குடுப்பேன். மறைவா குடுத்தா ஊரு குடுத்ததா ஆவுமா?"

அதுவும் நியாயம். வீட்டுக்கு வரும் வழியில் சிரித்துக்கொண்டே வந்தேன் போலிருக்கிறது. டீக்கடைக்காரர், "இன்னா அண்ணா, லாட்டரியா?" என்றார்.

செப். 22, ஞாயிறு

தெருமுனையில் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். நின்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். பின்னால் பைக் ஹாரன். நகரவில்லை.

"வனம் செல்லும் வசந்தமே! பொழிச்சலூரின் புலிக்குட்டியே!" ஏகாம்பரம் படம் ஆள் உயரம். சிறப்பு விருந்தினர் படம் அதைவிடக் கொஞ்சம் உயரம். கீழ் மூலையில் ஷா., ரேஷன் கார்டு அளவு. "மாபெரும் வழியனுப்பு விழா." ஒரு எழுத்தும் விடாமல் படித்தேன். எவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் கடைசி வரி. "28 சனிக்கிழமை காலை 10 மணி."

மறுபடியும் படித்தேன். அதேதான்.

வேன் விடியற்காலை போய்விடும். போன பிறகு வழியனுப்பு.

அத்தனை பேர் அந்த வழியாகப் போகிறார்கள். கட்டியவர்கள் கூடப் படிக்கவில்லை. படிக்கத் தெரியாதவனாக இருந்திருந்தால் ஷா. படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்திருப்பேன். இன்று ராச்சோறு நன்றாக இறங்கியிருக்கும்.

ஏகாம்பரத்திடம் ஓடினேன். "பொரட்டாசி சனிக்கெழம பெருசு. இத விட நல்ல நாளு ஏது? சீப் கெஸ்ட்டு டேட்டு குடுத்துட்டாரு. வேன கொஞ்சம் லேட்டா எடுக்கச் சொல்லு."

செப். 25, புதன்

வெயில். பல்லாவரம் வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து ரயில். ஸ்டேஷன் பலகை எல்லாம் படித்தேன். குரோம்பேட்டையை முடிப்பதற்குள் ரயில் கிளம்பிவிட்டது.

தாம்பரத்தில் முகாம் ஆபீஸ். மாடிப்படி செங்குத்து. ஜெனிபர் மிஸ் சின்ன வயது, தொப்பி, முழங்கால் வரை சேறு. தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தாத்தா, எல்லாப் பசங்களுக்கும் ஒரே வேன். வெளிச்சம் இருக்கும்போதே அவங்க கூடாரத்த அவங்களே அடிக்கணும். லேட்டா போனா இருட்டுல என்ன பண்ணுவாங்க? விழாவ திரும்பி வந்தப்புறம் வச்சுக்கச் சொல்லுங்களேன். பணம் மெதுவா வரட்டும், பரவாயில்ல."

அதே வெயிலில் ஏகாம்பரத்திடம்.

"திரும்பி வந்தவள எப்படிய்யா வழியனுப்பறது? ஃப்ளெக்ஸ்ல வழியனுப்புனு போட்டுகீது."

"தேதிய மாத்தி..."

"சீப் கெஸ்ட்ட மாத்த முடியுமா?"

பக்கத்திலிருந்த பொருளாளர் ஒரு யோசனை சொன்னார். வேறு ஒரு பிள்ளைக்கு யூனிபார்ம் போட்டு மேடை ஏற்றலாமாம். "ரெட்ட ஜடையில எல்லாம் ஒரே மாதிரிதான் சார் இருக்கும்." விளையாட்டாகச் சொல்கிறார் என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இந்த ஊரில் எல்லாரும் அவளை அனுப்பத் தயார். அவளைப் போகத்தான் யாரும் விடவில்லை.

செப். 27, வெள்ளி

தூறல். எனக்கும் அமுதாவுக்கும் சண்டை.

"மேடையில நின்னு வாங்கிக்கட்டும் நைனா. காடு எங்க போவுது? அடுத்த வருசம் போவட்டும்."

"அடுத்த வருசம் எடம் குடுப்பாங்கனு யாரு சொன்னது?"

"ஓனர பகைச்சுகினு எங்க போய் இருக்கறது? நீ வெள்ளையடிச்ச செவுத்துலயா?"

அவள் சொல்வதும் நிஜம். மருமகன் லாரியோடு நாசிக் பக்கம். போனில் கேட்டால், "நீங்களே பாத்துக்கோங்க மாமா" என்கிறார்.

ஷா. கட்டி வைத்திருந்த பையைப் பிரித்தாள். தட்டு அலமாரிக்குப் போனது. டார்ச் பக்கத்து வீட்டுக்காரருடையது, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். கயிற்றைக் கொடியில் திரும்பக் கட்டினாள். நல்ல முடிச்சு. நான் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

கோபத்தில் எழுத்து கோட்டை விட்டு மேலே ஏறுகிறது. டீச்சர் பார்த்தால் திட்டுவார்.

செப். 28, சனி

நிறைய நடந்தது. கை வலித்தாலும் எழுத வேண்டும்.

இன்னும் விடியவில்லை. அமுதா எழுப்பினாள். அடுப்படியில் எலுமிச்சை சாதம் கட்டிய பொட்டலம். பை திரும்பக் கட்டியிருந்தது. டார்ச்சும் உள்ளே. எப்போது போய் வாங்கி வந்தாளோ.

"நைனா, பால் வாங்கினு வா. அவளையும் இட்டுனு போ."

"பாலா?"

"ஆமா, பாலு. தாம்பரத்துல நல்லா இருக்குமாம்." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நான் ஒண்ணும் பாக்கல. தூங்கிகினு இருந்தேன்."

தெருமுனையில் ஃப்ளெக்ஸைத் தாண்டும்போது ஷா. தன் படத்தைப் பார்க்காமல் குனிந்து நடந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் எதிரே வந்தார். "இன்னா தாத்தா, காலங்காத்தால?" பால் என்றேன். ஷா. முதுகில் அவள் உயரத்துக்குப் பை. அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பெரிய பாக்கெட்டா வாங்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேன் கிளம்பும்போது ஷா. கை காட்டவில்லை. பக்கத்துப் பிள்ளைக்கு ஏதோ முடிச்சுக் காட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அது போதும்.

பத்து மணிக்கு நான் மேடைக்கு முன்னால், முதல் வரிசை நாற்காலி. யாரோ ஒருவர் போய் நிற்க வேண்டுமே. சிறப்பு விருந்தினர் மதியம்தான் வந்தார். அதுவரை மைக்கில் ஏகாம்பரம், காட்டின் பெருமை. அவர் காட்டுக்குப் போனதில்லை. மேடைக்காக ஒரு வேப்பமரத்தின் கிளையைக் கழித்திருந்தார்கள்.

"இப்பொழுது நமது புலிக்குட்டி மேடைக்கு வரும்!"

நான் போனேன்.

ஏகாம்பரம் மைக்கை மூடிக்கொண்டு: "புள்ள எங்கய்யா?"

"வேன்ல போயிட்டா சார்."

"இன்னாய்யா இது பேஜாரு?" மைக்கைச் சரியாக மூடவில்லை. கூட்டம் முழுக்கக் கேட்டது. சிறப்பு விருந்தினர் சிரித்துவிட்டார். "போக வேண்டிய புள்ள போயிடுச்சு. அதுதானே வழியனுப்பு? இவருக்கே போத்துங்க." சால்வை எனக்கு. உதவித்தொகை என்று எழுதிய பெரிய அட்டை எனக்கு. கவர் மட்டும் ஏகாம்பரத்தின் சட்டைப் பையில். "புள்ள வந்து போட்டோவுக்கு நிக்கட்டும். அப்பதான்."

அட்டை கதவில் நுழையவில்லை. வெளியில் சுவரோரம் நிற்கிறது. பால் வாங்க மறந்துவிட்டேன்.

செப். 29, ஞாயிறு

மழை. ஓனர் வீட்டில் அமுதாவிடம் ஒருவரும் பேசவில்லை. பாத்திரம் திருப்பிக் கொடுக்கப் போனவளிடம் வாசலிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அவளும் என்னிடம் பேசவில்லை. ஆனால் குழம்பில் எனக்குக் கத்தரிக்காய் அதிகம்.

செப். 30, திங்கள்

ஷா. வந்துவிட்டாள். கால் முழுக்கக் கீறல். ஆந்தை பார்த்தாளாம். கூடாரம் முதல் தடவை விழுந்து, இரண்டாம் தடவை நின்றதாம்.

"பயமா இருந்துச்சாடி?" என்றாள் அமுதா.

"பயம் இல்லம்மா. ப்ளேன் சத்தமே இல்ல. அதான் தூக்கம் வரல."

அவள் சொல்லும்போதே தலைக்கு மேல் ஒரு ப்ளேன் பக்கத்து ஏர்போர்ட்டுக்கு இறங்கியது. பாதிப் பேச்சில் தூங்கிவிட்டாள்.

ஏரியில் நீந்தச் சொல்லித்தருகிறார்களாம், வரும் ஞாயிறு, 6ஆம் தேதி. அதைத்தான் தூக்கத்திலும் சொல்கிறாள். வெள்ளத்தில் கயிறு மட்டும் போதாதாம்.

அக். 2, புதன்

வெயில். லீவு நாள். காலையில் ஏகாம்பரம் வீடு தேடி வந்தார். கோபம் போய்விட்டது. சிறப்பு விருந்தினர் எங்கோ பேசும்போது பொழிச்சலூர் சங்கத்தைப் பாராட்டினாராம். வாட்ஸ்அப்பில் வந்ததாம்.

"பெருசு, நீ செஞ்சதும் ஒரு விதத்துல நல்லதுதான். கவர் ரெடியா கீது. இந்தத் தடவ புள்ள ஊர்லதான இருக்கா. ஒரு கொறையும் இல்லாம செஞ்சிடலாம்."

அமுதாவுக்கு நிம்மதி. டீ போட்டுக் கொடுத்தாள்.

மாலை டீக்கடைப் பக்கம் போனேன். தெருமுனையில் ஆட்கள் ஏணி போட்டுப் புது ஃப்ளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். "வனத்தை வென்ற வீராங்கனைக்கு மாபெரும் வரவேற்பு விழா." இந்தத் தடவை ஷா. படம் கொஞ்சம் பெரிது. இப்போதெல்லாம் நான் கடைசி வரியிலிருந்துதான் படிக்கிறேன்.

"6 ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணி."

வீட்டுக்கு வந்து அமுதாவிடம் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஞாயித்துக்கெழமயும் பாலு வாங்கணும் நைனா."